பெர்லின் சுவர்: ஈ4-க்கு கிராம்னிக் தேர்ந்தெடுத்த பதில்

(ஒலிபரப்பான எபிசோடைக் கேட்டு எழுதி, வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தியது.)

செஸ் பத்தி எப்போ பேசினாலும் ஒரு கேள்வி தப்பாம வரும். "எனக்குக் கருப்புக் காய். எதிராளி ராஜா முன்னாடி இருக்கிற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளிட்டார். அதாவது ஈ4. இப்போ நான் என்ன ஆடணும்?"

பள்ளிக்கூடத்தில் ஆடின காலத்தில் நான் இதற்கு ரொம்ப சுலபமா ஒரு விடை கண்டுபிடிச்சேன். சிசிலியன் டிராகன். ஏன்னு கேட்டா, பேர் நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான் காரணம். என்னைவிட ரெண்டு வகுப்பு கீழே படிச்ச ஒரு பெண்ணிடம் இருபது நகர்வுக்குள்ள மேட் வாங்கின பிறகுதான், டிஃபென்ஸைத் தேர்ந்தெடுக்கிறதுக்குப் பேரைத் தவிர வேற காரணமும் வேணும்னு புரிஞ்சது.

சரி, அந்த 'வேற காரணம்' என்ன? அதைச் சொல்ல 2000-ஆம் வருஷம் லண்டனுக்குப் போகலாம். உலக சாம்பியன் பட்டம் கைமாறின ஒரு போட்டி. அதை முடிவு செய்தது, கருப்புக் காய்க்காரர் ஈ4-க்கு என்ன பதில் சொல்வது என்று எடுத்த ஒரே ஒரு முடிவு. நான் கொஞ்சம் மிகைப்படுத்தறேன்தான். ஆனா ரொம்ப இல்லை.

முதலில் ஆட்களைப் பார்க்கலாம்.

கேரி காஸ்பரோவ். 1985 நவம்பர் 9 அன்று மாஸ்கோவில் சாம்பியன் ஆனவர். அந்தப் பட்டத்தை அவர் எப்படி வாங்கினார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கடைசி ஆட்டம், 24-ஆவது ஆட்டம். எதிரே அனத்தோலி கார்போவ். அந்த ஆட்டத்தை ஜெயித்தால் 12-12 என்று சமன் செய்து கார்போவ் பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ளலாம். கார்போவுக்கு வெள்ளைக் காய். ஈ4 ஆடினார். டிரா செய்தாலே காஸ்பரோவுக்குப் போதும். வேறு யாராக இருந்தாலும் பாதுகாப்பாக, மந்தமாக எதையாவது ஆடியிருப்பார்கள். காஸ்பரோவ் சிசிலியன் ஆடினார். ரெண்டு பக்கமும் கத்தி தீட்டிக்கொண்டு நிற்கிற டிஃபென்ஸ் அது. கார்போவ் தாக்கினார், காஸ்பரோவ் திருப்பித் தாக்கினார், ஜெயித்தார். இருபத்திரண்டு வயதில் உலக சாம்பியன். கருப்புக் காயோடு, ஈ4-க்கு எதிராக.

அதிலிருந்து பதினைந்து வருஷம் அவரை அசைக்க ஆளில்லை. 1999 ஜூலையில் அவருடைய ரேட்டிங் 2851. அதுவரை யாரும் தொடாத உயரம்.

அடுத்தவர் விளாதிமிர் கிராம்னிக். கருங்கடல் ஓரத்தில் துவாப்சே என்கிற ஊர்க்காரர். காஸ்பரோவே வளர்த்துவிட்ட பையன் என்று சொல்லலாம். 1992-இல் மணிலா ஒலிம்பியாடுக்கு ரஷ்ய அணியில் ஒரு பதினாறு வயதுப் பையனைச் சேர்க்கச் சொல்லி காஸ்பரோவ் வற்புறுத்தினார். சிலர் முகம் சுளித்தார்கள். பையன் ஒன்பது ஆட்டத்தில் எட்டரைப் புள்ளி எடுத்துவிட்டு வந்தான். அதன் பிறகு யாரும் பேசவில்லை.

இன்னொரு தொடர்பும் இருக்கிறது. 1995-இல் நியூயார்க்கில் நம்ம விஸ்வநாதன் ஆனந்த் காஸ்பரோவோடு சாம்பியன் பட்டத்துக்கு மோதினார் இல்லையா? உலக வர்த்தக மையத்தின் 107-ஆவது மாடியில். அப்போது காஸ்பரோவின் உதவிக் குழுவில் இருந்தவர்களில் கிராம்னிக்கும் ஒருவர். அதாவது காஸ்பரோவின் அடுப்படிக்குள் போய், அங்கே என்ன சமைக்கிறார்கள், எப்படிச் சமைக்கிறார்கள் என்று நேரில் பார்த்தவர்.

அவர் என்ன பார்த்திருப்பார்? அந்தப் போட்டியில் முதல் எட்டு ஆட்டம் டிரா. ஒன்பதாவதை ஆனந்த் ஜெயித்தார். பத்தாவதில் காஸ்பரோவுக்கு வெள்ளை. ஆனந்த் ஓப்பன் ஸ்பானிஷ் ஆடினார். ஆறாவது ஆட்டத்தில் ஆடின அதே டிஃபென்ஸ்தான். ஆனால் இடையில் காஸ்பரோவ் குழு வீட்டுப்பாடம் செய்துவிட்டது. யானையைப் பலி கொடுக்கிற ஒரு யோசனை, முழுசாகத் தயார். காஸ்பரோவ் யோசிக்கவே இல்லாதது போல் மளமளவென்று ஆட, ஆனந்த் பலகையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆனந்த் தோற்றார். அதன் பிறகு அந்தப் போட்டியே சரிந்துவிட்டது. பத்து, பதினொன்று, பதின்மூன்று, பதினான்கு என்று நான்கு தோல்வி.

இதில் ஆனந்த் தேர்ந்தெடுத்த டிஃபென்ஸ் மோசமானதா? இல்லவே இல்லை. ஆனால் அது காஸ்பரோவுக்குப் பிடித்த மாதிரியான நிலையை அவருக்குக் கொடுத்தது. காய்கள் எல்லாம் பலகையில், ராணி பலகையில், ராஜா மேல் பாய வழி. அந்த மாதிரி நிலையில் வீட்டில் தயார் செய்துகொண்டு வருகிறவருக்குத்தான் லாபம். அந்தக் காலத்தில் காஸ்பரோவைவிட நன்றாகத் தயார் செய்கிறவர் உலகத்தில் இல்லை.

ஐந்து வருஷம் கழித்து அதே காஸ்பரோவுக்கு எதிரே கிராம்னிக் உட்கார வேண்டியிருந்தது.

(ஒரு நிமிஷம், இங்கே ஒரு அநியாயத்தையும் சொல்லிவிடணும். முறைப்படி பார்த்தால் அந்த இடத்தில் உட்கார வேண்டியவர் கிராம்னிக்கே இல்லை. 1998-இல் ஸ்பெயினின் கசோர்லாவில், காஸ்பரோவோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்ய ஒரு தகுதிப் போட்டி நடந்தது. அலெக்ஸி ஷிரோவ் கிராம்னிக்கை 5.5-3.5 என்று தோற்கடித்தார். ஆனால் ஷிரோவ்-காஸ்பரோவ் போட்டிக்குப் பணம் போட ஆள் கிடைக்கவில்லை. அது நடக்கவே இல்லை. பிறகு ஆனந்தோடு பேச்சு நடந்தது, அதுவும் கைகூடவில்லை. கடைசியில் வாய்ப்பு, தகுதிப் போட்டியில் தோற்றவருக்குப் போனது. ஷிரோவ் இதை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. அவரைக் குறை சொல்ல முடியுமா?)

சரி. கிராம்னிக் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். பதினாறு ஆட்டம். எட்டில் உங்களுக்குக் கருப்பு. காஸ்பரோவ் ஈ4 ஆடுவார் என்று கிட்டத்தட்ட நிச்சயம். உங்களிடம் என்னென்ன இருக்கிறது?

சிசிலியன்? கிராம்னிக் நன்றாக ஆடுவார். ஆனால் அது காஸ்பரோவின் சொந்த ஊர். அந்தத் தெருவில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. பிரெஞ்சு டிஃபென்ஸ்? நடுவில் இடத்தை விட்டுக்கொடுத்து நெருக்கடியில் உட்காரணும். காரோ-கான்? உறுதியானது, கார்போவ் மாதிரி பொறுமைசாலிகளுக்கு ஏற்றது. பெட்ரோவ்? கிராம்னிக் அடிக்கடி ஆடுவது. ஆகவே காஸ்பரோவ் குழு அதைத்தான் கரைத்துக் குடித்திருக்கும்.

முக்கியமான போட்டியில் பழக்கமில்லாத டிஃபென்ஸை எடுத்துப் போடுவது ஒன்றும் புதுசில்லை. 1972-இல் ரெய்க்யவிக்கில், வாழ்நாள் முழுக்க சிசிலியனையே கட்டிக்கொண்டிருந்த பாபி ஃபிஷர், பதின்மூன்றாவது ஆட்டத்தில் திடீரென்று அலெகைன் டிஃபென்ஸ் ஆடி ஸ்பாஸ்கியை ஜெயித்தார். 1980-இல் ஸ்வீடனில் டோனி மைல்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். உலக சாம்பியன் கார்போவ் ஈ4 ஆட, மைல்ஸ் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். ஏ6. பார்த்தவர்கள் சிரித்தார்கள். மைல்ஸ் ஜெயித்தார். இதெல்லாம் ஒரு ஆட்டத்துக்கான அதிர்ச்சி வைத்தியம். கிராம்னிக்குக்குத் தேவைப்பட்டது பட்டாசு இல்லை, ஒரு மாசம் தாங்குகிற கூரை.

மிகேல் இல்யெஸ்காஸ், ஜோயல் லோத்தியே, செர்கெய் தோல்மதோவ் ஆகியோர் அவருடைய குழுவில் இருந்தார்கள். அவர்கள் பழைய பெட்டியிலிருந்து ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

பெர்லின் டிஃபென்ஸ். பேர் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெர்லினில் இருந்த ஒரு செஸ் வட்டாரத்திலிருந்து. அந்தக் கூட்டத்தில் இருந்த பில்கர் என்கிற பிரஷ்ய ராணுவ அதிகாரி ஓப்பனிங்குகள் பற்றி ஒரு பெரிய கையேடு எழுத ஆரம்பித்து, முடிக்காமலே 1840-இல் இறந்துபோனார். நண்பர் ஃபான் டெர் லாசா அதை முடித்து 1843-இல் வெளியிட்டார். ஐரோப்பா முழுக்க செஸ்காரர்களுக்கு அது வேதப்புத்தகம் மாதிரி. லாஸ்கர் காலம் வரைக்கும் பெர்லின் டிஃபென்ஸுக்கு மரியாதை இருந்தது. பிறகு மங்கிவிட்டது. 2000 வாக்கில் அது 'கருப்பு கஷ்டப்பட்டு டிரா பண்ணலாம்' வகையில் மூலையில் கிடந்தது.

அது எப்படிப் போகும்? பலகை பக்கத்தில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ரெண்டு பேரும் ராஜா சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளுகிறார்கள். வெள்ளைக் குதிரை வந்து கருப்புச் சிப்பாயை மிரட்டுகிறது. கருப்புக் குதிரை அதைக் காக்க வருகிறது. வெள்ளை மந்திரி அந்தக் குதிரையைக் குறிவைத்து வந்து நிற்கிறார். இதுதான் ஸ்பானிஷ் ஓப்பனிங், பதினாறாம் நூற்றாண்டுப் பாதிரியார் ரூய் லோபஸ் பேரில் வழங்குவது. வழக்கமாக இங்கே கருப்பு ஓரத்துச் சிப்பாயைத் தள்ளி மந்திரியை விரட்டும். பெர்லினில் அது கிடையாது. கருப்பு ரெண்டாவது குதிரையையும் வெளியே எடுத்து, வெள்ளையின் ஈ4 சிப்பாயை மிரட்டும். வெள்ளை காஸ்லிங் செய்கிறது, கருப்புக் குதிரை சிப்பாயைச் சாப்பிடுகிறது, வெள்ளை நடுவைத் திறக்கிறது, குதிரை பின்வாங்குகிறது, காய்கள் வெட்டிக்கொள்கின்றன. எட்டாவது நகர்வில் வெள்ளை ராணி கருப்பு ராணியை வெட்ட, கருப்பு ராஜா அந்த ராணியை வெட்டுகிறார்.

எட்டே நகர்வு. ரெண்டு ராணியும் பலகையில் இல்லை. கருப்பு ராஜா இனி காஸ்லிங் செய்ய முடியாது, நடுத்தெருவில் நிற்கிறார். கருப்புச் சிப்பாய்கள் ரெண்டு ஒன்றின் பின் ஒன்றாக மாட்டிக்கொண்டிருக்கின்றன. மிச்சக் காய்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் வைத்தால் வெள்ளை ஜெயிக்கும். ராஜா பக்கத்தில் வெள்ளைக்கு நான்கு சிப்பாய், கருப்புக்கு மூன்று. இன்னொரு பக்கம் கருப்புக்கு நான்கு இருந்தும், ரெண்டு ஒட்டிக்கொண்டிருப்பதால் எளிதில் பிரயோஜனம் இல்லை.

கேட்டா, இதை யார் விரும்பி ஆடுவாங்கன்னு தோணும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களும் 'வெள்ளைக்கு நல்ல சாதகம்' என்றுதான் காட்டின.

ஆனால் அந்த இயந்திரங்களுக்கு ஒன்று தெரியவில்லை. கருப்பிடம் ரெண்டு மந்திரிகளும் இருக்கிறார்கள். அடித்து உடைக்கிற மாதிரி ஒரு பலவீனமும் அதனிடம் இல்லை. முன்னேறிப் போன வெள்ளைச் சிப்பாய் தனக்குப் பக்கத்து வெள்ளைக் கட்டங்களைக் கருப்பிடம் விட்டுவிட்டுப் போகிறது. அந்தக் கட்டங்களில் கருப்புக் காய்கள் உட்கார்ந்தால் வெள்ளையின் நான்கு சிப்பாய் நகரவே முடியாது. நடுத்தெருவில் நிற்கிற ராஜாவும், ராணிகள் இல்லாத ஊரில் ஆபத்தில் இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், இது காஸ்பரோவுக்குப் பிடிக்காத ஊர். கிராம்னிக் பார்த்தது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன். எந்த டிஃபென்ஸ் சிறந்தது என்று அவர் தேடவில்லை. எந்த நிலையில் உட்கார்ந்தால் எனக்குச் சுகம், எதிரிக்கு எரிச்சல் என்று தேடினார். அதற்கு விலையாகக் கொஞ்சம் சாதகத்தைக் கொடுத்தார், காஸ்லிங்கைக் கொடுத்தார், சிப்பாய் அமைப்பைக் கெடுத்துக்கொண்டார்.

2000 அக்டோபர் 8. லண்டன் ஹாமர்ஸ்மித்தில், தேம்ஸ் ஓரத்தில் இருக்கும் ரிவர்சைடு ஸ்டுடியோஸ். ஒரு காலத்தில் பிபிசி நிகழ்ச்சிகள் எடுத்த இடம். முதல் ஆட்டம், காஸ்பரோவுக்கு வெள்ளை. ஈ4. எட்டு நகர்வில் ராணிகள் போயாச்சு. 25 நகர்வில் டிரா.

ரெண்டாவது ஆட்டத்தில் கிராம்னிக்குக்கு வெள்ளை. காஸ்பரோவ் கிரூன்ஃபெல்ட் ஆடினார். கிராம்னிக் ஜெயித்தார். இது யாரும் எதிர்பார்க்காதது.

மூன்றாவது ஆட்டத்தில் மீண்டும் ஈ4, மீண்டும் பெர்லின். இந்த முறை காஸ்பரோவ் நன்றாகவே அழுத்தினார். கிராம்னிக் 53 நகர்வு தாக்குப்பிடித்து டிரா செய்தார். காஸ்பரோவ் சுவரை உடைக்க மிக அருகில் வந்தது இதில்தான்.

ஐந்தாவதிலும் ஏழாவதிலும் காஸ்பரோவ் ஈ4-ஐயே விட்டுவிட்டு வேறு சிப்பாயைத் தள்ளிப் பார்த்தார். ஏழாவது ஆட்டம் பதினோரு நகர்வில் டிரா. வெள்ளைக் காயோடு, ஒரு புள்ளி பின்தங்கியிருக்கும் காஸ்பரோவ், பதினோரு நகர்வில் கை குலுக்கினார். அவரைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு விசித்திரம் என்று சொல்லி மாளாது. ஒன்பதாவதில் மறுபடி ஈ4, மறுபடி பெர்லின், 33 நகர்வில் டிரா. பத்தாவதில் கிராம்னிக் வெள்ளையோடு 25 நகர்வில் ஜெயித்தார். இப்போது ரெண்டு புள்ளி முன்னிலை.

பதின்மூன்றாவது ஆட்டம். காஸ்பரோவ் ஜெயித்தே ஆகணும். ஈ4. பெர்லின். பதினான்கு நகர்வு. டிரா.

அவ்வளவுதான்.

எனக்கு எப்போதும் தோன்றும் கேள்வி, காஸ்பரோவ் ஏன் விலகிப் போகவில்லை என்பது. நான்காவது நகர்வில் காஸ்லிங் செய்யாமல் நடுச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளியிருந்தால் ராணிகள் பலகையிலேயே இருந்திருக்கும். இன்று கிளப்பில் ஆடுகிற பையனுக்குக்கூடத் தெரிந்த வழி அது. அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அப்படி ஆடினால், 'இந்த முடிவாட்டத்தில் எனக்குச் சாதகம் இருக்கிறது, ஆனால் அதை நிரூபிக்க எனக்குத் தெரியவில்லை' என்று ஒத்துக்கொண்ட மாதிரி. இது என் ஊகம்தான். ஆனால் நான்கு முறை ஒரே கதவில் போய் முட்டினவரைப் பார்த்தால் வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

நவம்பர் 2-ஆம் தேதி பதினைந்தாவது ஆட்டமும் டிரா ஆனது. 8.5-6.5. பதினாறாவது ஆட்டம் தேவைப்படவில்லை. காஸ்பரோவ் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஒரு சாம்பியன் ஒரு ஆட்டமும் ஜெயிக்காமல் பட்டத்தை இழந்தது அதற்கு முன் 1921-இல், ஹவானாவில், கபபிளாங்காவிடம் லாஸ்கர் தோற்றபோது. கருப்புக் காயோடு ஈ4-ஐத் தோற்கடித்துப் பட்டம் வாங்கியவர், வெள்ளைக் காயோடு ஈ4 ஆடி ஒன்றும் செய்ய முடியாமல் பட்டத்தை விட்டார்.

காஸ்பரோவ் பழி தீர்த்ததையும் சொல்லணும். 2001-இல் அஸ்தானாவில், கடைசிச் சுற்றில், அதே கிராம்னிக்கை அதே பெர்லினில் தோற்கடித்துக் கோப்பையை எடுத்தார். ஆக சுவர் உடையாத சுவர் இல்லை. ஆனால் பட்டத்துக்கு மறுபோட்டி அவருக்குக் கிடைக்கவே இல்லை. 2005-இல் ஓய்வு பெற்றுவிட்டார்.

அதன் பிறகு பெர்லின் ஒரு தொற்று மாதிரி பரவியது. உலகத்தின் முன்னணி ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஈ4-க்கு எதிராக அதை எடுத்தார்கள். அப்படியே அது நம்ம ஊருக்கும் வந்து சேர்ந்தது. 2013 நவம்பர், சென்னை, ஹயாத் ரீஜென்சி ஹோட்டல். ஆனந்த் சாம்பியன், சவால் விட்டவர் மாக்னஸ் கார்ல்சன். நான்காவது ஆட்டத்தில் ஆனந்த் ஈ4 ஆட, கார்ல்சன் பெர்லின் ஆடினார். 64 நகர்வு, டிரா. ஆறாவதிலும் பெர்லின். இம்முறை ஆனந்த் ராணிகளை வைத்துக்கொண்டு ஆடினார். நீண்ட முடிவாட்டத்தில் கார்ல்சன் ஜெயித்தார், அதுவும் கருப்புக் காயில். பட்டமும் போனது.

அடுத்த வருஷம் சோச்சியில் மறுபடி அதே ரெண்டு பேர். இப்போது சவால் விடுகிறவர் ஆனந்த். கருப்புக் காயில் அவரும் பெர்லினையே நம்பினார். ஏழாவது ஆட்டத்தை மறக்க முடியாது. பாதகமான நிலையில் மாட்டிக்கொண்டு, 122 நகர்வு உட்கார்ந்து டிரா செய்தார். உலக சாம்பியன் போட்டி வரலாற்றில் அதுவரை அதைவிட நீண்ட ஆட்டம் ஒன்றே ஒன்றுதான், 1978-இல் கோர்ச்னோய்-கார்போவ் ஆடின 124 நகர்வு ஆட்டம். அன்றைக்கு நாற்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தவர், எதிரே இருபத்து மூன்று வயதுக்காரர். சுவர்னா அதுதான் சுவர்.

பிறகு பதினொன்றாவது ஆட்டம், நவம்பர் 23. ஆனந்த் ஒரு புள்ளி பின்னால். இதை டிரா செய்தால் கடைசி ஆட்டத்தில் அவருக்கு வெள்ளை, ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கும். பெர்லின் ஆடினார், ராணிகள் போயின. இருபத்து மூன்றாவது நகர்வில் ஓரத்தில் ஒரு சிப்பாயைத் தள்ளி நிலையைத் திறந்தார், அழகான நகர்வு. அந்த நேரத்தில் கார்ல்சன்தான் கவலைப்பட வேண்டியிருந்தது. நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நம்பிக்கை வந்தது, எனக்கும்தான்.

நான்கு நகர்வு கழித்து ஆனந்த் யானையைக் கொண்டுபோய் வெள்ளை மந்திரி வெட்டுகிற கட்டத்தில் வைத்தார். பொறுமையாக உட்கார்ந்திருப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த டிஃபென்ஸில், பொறுமை தீர்ந்த ஒரு நகர்வு. கார்ல்சன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வெட்டினார். 45-ஆவது நகர்வில் ஆனந்த் கையை நீட்டினார். 6.5-4.5.

அடுத்த எபிசோடில் ஷிரோவ் கதையை முழுசாப் பேசலாம்.